மறுநாள் பேசியது

அன்புசெல்வி தன் அக்காவிடம் அந்த லேப்டாப்பை எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். "குடுக்கா, கடைக்கு எடுத்துட்டுப் போயி பாத்துத் தர்றேன்" என்பாள். தனம் ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுவாள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்டி. இப்ப இன்னா அவசரம்?"

ஆடி பிறந்த பிறகு அது ஓடுகிற மாதிரியும் இல்லை, நின்றுபோன மாதிரியும் இல்லை. ஏதாவது செய்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்துவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. உள்ளே எங்கோ டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வேலை செய்யும். அந்தச் சத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புசெல்வியே கேட்டுவிட்டாள். உப்பளம் பகுதியில் தெய்வசிகாமணியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறவள் அவள். சாகப்போகிற ஹார்ட் டிஸ்க் எப்படி முனகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, இது இன்னிக்கோ நாளைக்கோ நின்னுடும். நின்னுச்சின்னா உள்ள இருக்கறது ஒன்னும் வராது. அப்பறம் என்னக் கேக்காத."

தனம் லேப்டாப்பை மூடி, ஒரு பழைய துண்டில் சுற்றி, கட்டைப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

"அழிஞ்சிடாதுல்ல?"

"நான் இருக்கேன்ல. அழியாது."

"எதையும் தொறந்து பாக்காத செல்வி."

"நான் எதுக்குப் பாக்கப்போறேன்?" என்று சிரித்தாள் அன்புசெல்வி. சத்தியம் செய்து கொடுப்பது போலவெல்லாம் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன பதில்தான் அது. ஆனால் அக்கா அதை நம்பித்தான் கொடுத்தாள்.

அந்த லேப்டாப்பை வாங்கி வந்தவர் தனத்தின் கணவர் கோவிந்தராசு. மீனவர் ஊரான பிள்ளைச்சாவடியில் பிறந்தும் கடலுக்குப் போகாதவர். வெல்டிங் படித்துவிட்டு மஸ்கட்டுக்குப் போனார். முதல் விடுமுறையில் வரும்போது இதைக் கொண்டுவந்து, எப்படித் திறப்பது, எப்படி முகம் பார்த்துப் பேசுவது என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு சாயங்காலம் ஆனால் போதும், தனம் தட்டாஞ்சாவடியிலிருந்து வேலை முடித்து வந்து, முகம் கழுவி, அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனியில் வேலை. அன்றைக்கு அங்கே நடந்தது, தெருவில் நடந்தது எல்லாவற்றையும் அவரிடம் கொட்டுவாள். பின்னால் கையில் நல்ல போன் வந்தும் அவர்கள் இரண்டு பேருக்கும் லேப்டாப்தான் பிடித்திருந்தது. பெரிதாகத் தெரிகிறதாம் முகம்.

அங்கேயே ஒருநாள் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் கோவிந்தராசு. பெட்டியில்தான் திரும்பி வந்தார். குழந்தை இல்லை. மாமனார் மாமியாரும் முன்பே போய்விட்டார்கள். அந்த ஊரிலேயே, கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கல் கொட்டியிருக்கும் தெருவில் தனம் தனியாக இருந்தாள். "எங்க வூட்டுக்கு வந்துடுக்கா" என்று அன்புசெல்வியும் அவள் கணவன் வெற்றிவேலும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் வரவில்லை. அதனால் அன்புசெல்விதான் ஞாயிறு தவறாமல் தன் குழந்தை தீபலட்சுமியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். அக்காவின் வீட்டைக் கூட்டுவாள், மீன் கழுவுவாள், சமைப்பாள், சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவாள். மழை என்றும் காய்ச்சல் என்றும் ஒரு வாரமும் விட்டதில்லை. அக்காவுக்குத் தான் செய்கிற பெரிய உதவி அதுதான் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கடையில் லேப்டாப்பைத் திறந்து சோதித்தபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. டிஸ்க் சாகவில்லை. பதிவாகும் தட்டில் ஒரு கீறல், ஒரு பழுது இல்லை. பிறகு ஏன் உறைகிறது? டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் போட்டு, தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் தேடினாள். அங்கே ஒரு அறிவிப்பு இருந்தது. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் அதை நடத்துவதற்கென்றே ஒரு சின்ன நிரலைக் கம்பெனி எழுதி வைத்திருக்கும். ஃபர்ம்வேர் என்பார்கள். இந்த மாடலில் அந்த நிரலிலேயே ஒரு பிழை. அதனால்தான் நடுநடுவே உறைகிறது, அப்படியே விட்டால் ஒருநாள் எழாமலே போகலாம் என்று போட்டிருந்தது. திருத்திய நிரலையும் அங்கேயே வைத்திருந்தார்கள். அதை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் திறக்காமல் நேராக அந்தப் பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பை எழுப்பி, டிஸ்க்குக்குள் புது நிரலை எழுத வேண்டும்.

"தெய்வசிகாமணி அண்ணே, இங்க பாருங்களேன்" என்று முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "நல்லதாப் போச்சி. டிஸ்க்கே மாத்த வேணாம். ஆனா பேக்கப் எடுக்காம இதுல கை வெக்காத. எழுதிகினு இருக்கறப்ப கரண்டு போயி பூட்டிகிச்சின்னா அப்பறம் அது கல்லுதான். ஆண்டவனாலயும் தொறக்க முடியாது."

"எடுக்கத்தான் போறேன்."

"எடுத்துட்டு சும்மா வுட்றாத. நடுவுல ஒன்னத் தொறந்து ஓட்டிப் பாரு. போன தடவ அந்த ஸ்டுடியோக்காரருது காப்பி ஆனாப்பல ஆயி ஒன்னும் தொறக்கல, தெரியும்ல?"

தெரியும். கடையில் அது ஒரு கட்டாய வழக்கம். நகல் எடுத்தால் அதில் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அவர் சொல்லாவிட்டாலும் அவள் செய்திருப்பாள். பின்னால் எத்தனையோ முறை இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் அன்புசெல்வி. திறந்தது தப்பில்லை, திறக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அது உண்மைதான். ஆனால் அவளை அரித்தது திறந்தது அல்ல.

நகல் எடுக்கவே மதியம் வரை ஆனது. நடுநடுவே டிஸ்க் உறைந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது. கல்யாணப் படங்களும் கோவிந்தராசு மாமா மஸ்கட்டில் எடுத்தவையும் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அவையும் இருந்தன. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை வேறு. ஒரு ஃபோல்டர் நிறைய வீடியோக்கள், தேதிகளே பெயராக. வருஷக்கணக்காக, விட்டு விட்டு. எல்லாமே மாமா இறந்ததற்குப் பிறகான தேதிகள்.

தெய்வசிகாமணி சாப்பிடப் போயிருந்தார். அன்புசெல்வி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பட்டியலின் நடுவிலிருந்து ஏதோ ஒன்றைத் தொட்டாள்.

திரையில் தனம். அவளுடைய வீட்டு அறைதான். பின்னால் அலமாரி, கொடியில் கம்பெனிச் சீருடை. முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்: "சாப்ட்டீங்களா?"

கேட்டுவிட்டு நிறுத்தினாள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு நிறுத்தினாள். "நான் இனிமேதான். மாவு இருக்கு, ஊத்திக்கணும்" என்றாள்.

நகல் சரியாக இருக்கிறது. படம் ஓடுகிறது, குரல் கேட்கிறது. பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அந்த இடத்தில் அன்புசெல்வி அதை மூடியிருக்க வேண்டும். கை மூடத்தான் போனது. ஆனால் அக்காவின் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை. பார்த்துப் பழகிய முகத்தின் மேல் போட்டிருந்த துணியை யாரோ எடுத்துவிட்டது போலிருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

தனம் கம்பெனியில் புது மிஷின் வந்ததைச் சொன்னாள். கடல் இன்னும் உள்ளே வந்துவிட்டதையும், பக்கத்து வீட்டார் காலி செய்துவிட்டுப் போனதையும் சொன்னாள். சொல்லும்போது நடுநடுவே, அவர் ஏதோ கேட்டது போல, "ஆமாங்க" என்றாள். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. செல்வி வருவா. அவ வர்றான்னாலே எனக்கு ஒரு வேலையாப் போவுது. மூஞ்சியக் கழுவி, பொட்டு வெச்சி, ரெடியா நிக்கணும். கதவு சத்தம் கேட்டதும் சிரிக்கணும். போற வரைக்கும் சிரிக்கணும். கொழந்தைய மடில வெச்சிக்கிட்டுச் சிரிக்கணும். அவ பாட்டுக்கு வூட்டக் கூட்டுறா, மீனக் கழுவுறா, என்னத் தேத்துறதா நெனச்சிக்கிட்டு. அவள பஸ்ஸு ஏத்தி வுட்டுட்டு வந்து கதவச் சாத்தினாத்தாங்க எனக்கு மூச்சே வருது. வராதடின்னு எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பதிலுக்கு. பிறகு கை நீண்டு வந்து கேமராவை அணைத்தது. வீடியோ முடிந்தது.

அன்புசெல்வி ஹெட்போனைக் கழற்றவில்லை. வெளியே அம்பேத்கர் சாலையில் போகிற வண்டிச் சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. பட்டியலில் அடுத்த தேதி அதற்கு நேர் கீழேயே இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். அப்போதுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, எதையும் திறந்து பார்க்காதே என்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஃபோல்டரையே மூடிவிட்டாள்.

வர வேண்டிய வெட்கம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டாள். கொஞ்சம் பின்னால் வந்திருந்தால் அடுத்ததையும் பார்த்திருப்பாள். இரண்டுக்கும் நடுவில் வந்து தொலைத்தது.

சாயங்காலம் அந்த வேலையை முடித்தாள். லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்திருந்ததால் சார்ஜரைக் கடையின் யூபிஎஸ்ஸில் செருகினாள். பென் டிரைவை மாட்டி, அதிலிருந்து எழும்படி அமைப்பை மாற்றி, மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. டிஸ்க்கின் மாடல் எண்ணை அதுவே கண்டுபிடித்துக் காட்டியது. மின்சாரத்தை நிறுத்தாதே, எந்த விசையையும் தொடாதே என்று எச்சரித்தது. வேறு நாளாக இருந்தால் அந்தக் கொஞ்ச நேரமும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை விட்டுக் கண் எடுக்க மாட்டாள். அன்று அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கல்லாக ஆனால் ஆகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஒன்றும் ஆகவில்லை. புது நிரல் ஏறியது. அணைத்துப் போட்டதும் லேப்டாப் சட்டென்று எழுந்தது. உறையவில்லை, டிக்கென்ற சத்தமும் இல்லை. தெய்வசிகாமணி தட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி ஆயிடிச்சே!" என்றார்.

லேப்டாப்பை, ஆட்டோ ஓட்டும் வெற்றிவேலிடம் கொடுத்தனுப்பினாள். அக்கா வீட்டுக்கு அருகே காலாப்பட்டுப் பக்கம் அவனுக்கு ஒரு சவாரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குச் சளி என்று போன் செய்தாள். அடுத்த வாரம் வீட்டில் விருந்தாளி. அதற்கடுத்த வாரம் கடையில் அவசர வேலை. தனம் ஒவ்வொரு முறையும் "சரிடி, பரவால்ல" என்றாள். அந்தப் பரவாயில்லையில் ஒரு நிம்மதி தெரிகிறதா என்று அன்புசெல்வி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தெரிவது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. அக்காவுக்கு மூச்சு விட இடம் கொடுக்கிறேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தாள்.

"ஒங்க அக்காகூட எதுனா சண்டையா?" என்று வெற்றிவேல் கேட்டான்.

"இல்லியே."

"அப்பறம் ஏன் போவல?"

"சும்மா சும்மா போயி நின்னா அவங்களுக்கும் தொந்தரவுதான?" என்றாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஆவணி பாதி போயிருக்கும். ஒரு மதியம் கடை வாசலில் தனம் வந்து நின்றாள். கம்பெனிச் சீருடைச் சேலையோடு, கையில் ஒரு டப்பாவோடு. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். தெய்வசிகாமணி அப்போதுதான் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாம்மா, ஒக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"தீபாவுக்கு வஞ்சிரம் வறுத்தாந்தேன்" என்று டப்பாவை வைத்தாள் தனம். "இன்னாடி ஆச்சி ஒனக்கு? மாசம் ஆவுது மூஞ்சியக் காட்டி. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நான் எதுனா சொல்லிட்டேனா? அந்த லேப்டாப்புப் பொட்டிய அனுப்புனீங்க, நான் அதுக்கு ஒரு வார்த்த நல்லா இருக்குன்னு போன்கூடப் பண்ணல, அதுக்குக் கோவமா?"

"அய்யோ, இல்லக்கா."

"அப்ப வாடி இந்த ஞாயித்துக்கெழம. கொழந்தயக் கூட்டிட்டு வா." சொல்லிவிட்டுத் தனம் சிரித்தாள். வழக்கமான அதே சிரிப்பு. பல் தெரிய, கண் சுருங்க. அதைப் பார்த்ததும், அன்புசெல்வி இத்தனை நாள் உள்ளே வைத்துப் புழுங்கியது அவள் கட்டுப்பாட்டை மீறி வெளியே வந்துவிட்டது.

"எனக்காக நீ சிரிக்க வேணாம்க்கா."

தனத்தின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் கண் மாறிவிட்டது. அவள் மெதுவாகக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். திறந்து கிடந்த கம்ப்யூட்டர்களை, மேஜை மேலிருந்த ஹெட்போனை.

"பாத்தியா" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"காப்பி சரியா வந்துச்சான்னு ஒன்னே ஒன்னுதான் தொறந்தேன். சத்தியமா. வேற எதையும்—"

"எந்த நாளு?"

அன்புசெல்வி தேதியைச் சொன்னாள். அது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. தனம் கண்ணை மூடி யோசித்தாள்.

"பக்கத்து வூட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போன வாரம் அது. சனிக்கெழம." கண்ணைத் திறந்தாள். "அதுக்கு மறுநாளு, நீ வந்துட்டுப் போன பின்ன பேசினேனே. அதப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீ பாக்க வேணாம்னு சொன்னியே."

தனம் அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அன்புசெல்வி தாங்கிக்கொண்டிருப்பாள். "பாத்திருக்கணும்டி" என்றாள் தனம். "பாக்குறதுன்னு ஆயிட்டா அடுத்ததையும் பாத்திருக்கணும். ஒரு சனிக்கெழம ஆத்தாமைல நான் பேசினத மட்டும் கேட்டுட்டு, அதுதான் நானுன்னு நெனச்சிக்கிட்டியா?"

"மறுநாளு இன்னாக்கா பேசின?"

"அத இப்ப உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? உன்கிட்ட சொல்லத் தெரிஞ்சா அவர்கிட்ட எதுக்குச் சொல்லியிருக்கப் போறேன்?"

ஒரு பையன் வாசலில் நின்று மவுஸ் இருக்கிறதா என்று கேட்டான். அண்ணன் வந்த பிறகு வா என்று அனுப்பினாள் அன்புசெல்வி.

"எடுத்த காப்பி இங்கியே இருக்கா?"

"இருக்கு. அழிக்கணும்னு இருந்தேன். கை வரல."

"அழி. நான் பாக்கறப்பவே அழி."

அன்புசெல்வி நகல் எடுக்கவென்றே கடையில் வைத்திருந்த டிஸ்க்கை மாட்டி, ஃபோல்டரைக் காட்டி, அழித்தாள். திரையில் அந்த இடம் காலியானது. தனம் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"வூட்டுல இருக்கறதையும் எடுத்துடப் போறேன்."

"வேணாம்க்கா!" அன்புசெல்வி அவள் கையைப் பிடித்தாள். "அது உன்னுது. மாமாகிட்ட பேசினது. நான் பண்ண தப்புக்கு அத ஏன் அழிக்கிற? நான் இனிமே அந்தப் பொட்டியத் தொடவே மாட்டேன்."

"அவர்கிட்டதான் பேசினேன். அவரு ஒருத்தருதான் கேக்குறாருன்னு பேசினேன். இப்ப நீ கேட்டுட்ட. இனிமே அங்க போயி ஒக்காந்தா அவரு பக்கத்துல நீயும் ஒக்காந்து கேக்குற மாதிரியே இருக்கும் எனக்கு." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "மீன அப்படியே வெச்சிடாத, சாப்புடு. கொழந்தைக்கு முள்ளு எடுத்துக் குடு."

போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று அன்புசெல்விக்குத் தெரியும். டிஸ்க்கில் அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். அதன்மேல் வேறு எதையாவது எழுதும் வரை உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். திரும்ப எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடலாம். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது நினைத்தால், முதலாளி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுவிடலாம். அக்கா தன்னைப் பற்றி மறுநாள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளலாம். கேட்டால் ஒருவேளை நெஞ்சு ஆறும். அக்காவே பார்த்திருக்க வேண்டும் என்றுதானே சொன்னாள்.

டப்பாவைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு டிஸ்க் முழுவதையும் வெறும் பூஜ்யங்களால் நிரப்பும் நிரலைத் தொடங்கினாள். கோடு மெல்ல நகர்ந்தது. பாதியில் நிறுத்திவிடலாமா என்று ஒருமுறை கை போனது. நிறுத்தவில்லை. தெய்வசிகாமணி திரும்பி வந்து, "எதுக்கும்மா அந்த டிஸ்க்கத் தொடைக்கிற? நல்லாத்தான இருந்துச்சி" என்றார். "பழசெல்லாம் சேந்துபோச்சிண்ணே" என்றாள்.

சரியானதைத்தான் செய்தாள். ஆனால் அதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி சோறு பிசையும்போதும், மறுநாள் காலை குழந்தைக்குத் தலை வாரும்போதும், அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்றே மனது ஓடியது. நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். உடனே, நல்லது என்று நினைக்க வைத்து அக்கா தன்னைத் தேற்றிவிட்டுப் போனாளோ என்று தோன்றும். இனி அது அவளுக்குத் தெரியப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனாள். தனம் கதவைத் திறந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், சோறு போட்டாள். லேப்டாப்பில் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. "இப்ப நல்லா ஓடுதுடி. நிக்கவே இல்ல" என்றாள் தனம். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அன்புசெல்வி பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். அக்கா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்தடுத்த வாரங்களும் அப்படித்தான் போயின. இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடித்துவிடாமல் நடக்கிறவர்கள் போல நடந்துகொண்டார்கள். முன்பெல்லாம் அக்கா எதையாவது சொல்லிவிட்டு இவள் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். அது நின்றுபோயிருந்தது.

சாயங்காலங்களில் அக்கா யாரிடம் பேசுகிறாள்? இதுதான் அன்புசெல்வியைத் தின்றது. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் போன் செய்து பார்த்தாள். "இன்னாடி விசேஷம்?" என்பாள் தனம். விசேஷம் ஒன்றுமில்லை என்பாள் இவள். அத்தோடு போனை வைத்துவிடுவார்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறலில் குழந்தையைத் துண்டால் போர்த்திக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். கதவைத் தட்டி வெகுநேரம் கழித்துத்தான் அது திறந்தது. தனம் நின்றிருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. நெற்றியில் ஒன்றுமில்லை. கண்கள் வீங்கியிருந்தன. அன்று திரையில் பார்த்த அதே முகம். அன்புசெல்வி நடை ஏறாமல் அப்படியே நின்றாள்.

தனம் குழந்தையின் தலையில் இருந்த ஈரத்தைத் தன் தலைப்பால் ஒற்றினாள். பிறகு, சிரிக்காமல், சொன்னாள்:

"இன்னிக்கு என்னால முடியலடி செல்வி. நீ போயிட்டு அடுத்த வாரம் வா."

"சரிக்கா" என்றாள் அன்புசெல்வி.

கொண்டுபோயிருந்த காய்ப்பையை வாசலில் வைத்தாள். கதவு மூடியது, மெதுவாக, சத்தமில்லாமல். திரும்பி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகலையா என்று குழந்தை திரும்பத் திரும்பக் கேட்டது. அடுத்த வாரம் போலாம் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்திக்கொண்டதும் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்பது போல முன்னால் போனான்.